இணையாளுக்குச் சளி

சுயம்புக்கனிக்கு அன்று சளி இல்லை. மூக்கும் சுத்தம், தொண்டையும் சுத்தம். ஆனாலும் விடிந்ததும் விடியாததுமாக புருஷன் போட்டுக்கொடுத்த வெந்நீரை முன்னால் வைத்து, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு ஆவி பிடித்தாள். பிடிக்கச் சொல்லி மணிக்கட்டில் கிடந்த உடற்காப்பு இரண்டு முறை அதிர்ந்திருந்தது. அதன் சின்னத் திரையில், 'இணையாளுக்குச் சளி. ஆவி, இரு வேளை' என்று எழுத்து ஓடியது.

"ஏட்டி, உன் சக்களத்திக்கு மறுபடியும் சளியா?" என்று கேட்டுக்கொண்டே காப்பித் தம்ளரோடு வந்தான் தவசிமுத்து. "பனியில அலையுதா போல."

"சக்களத்தின்னா உங்களுக்குல்லா கொண்டாட்டம்?" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"நல்ல கொண்டாட்டம்! முகத்தைக்கூட பாக்கல. அவளுக்கும் சேர்த்து வெந்நீர் மட்டும் நான் போடணும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பெண்ணின் முகம் யாருக்கும் தெரியாது. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. சுயம்புக்கனியின் வயதுதான், அவளுக்கிருக்கிற அதே முடக்குவாதம்தான். அதற்குமேல் சொல்ல மருத்துவமனைக்கு அனுமதி கிடையாது.

அந்தக் காலத்தில் வெறும் வைத்தியம் என்று ஒன்று இல்லை. எல்லா வைத்தியமும் ஆய்வுதான். முன்னொரு காலத்தில் மருந்து விற்றவர்களே மருந்துக்குச் சாட்சியும் சொன்னார்கள். அந்தச் சாட்சியை நம்பி விழுங்கிய ஊர்கள் பல சீரழிந்தன. சூடு கண்ட பூனையாகச் சனங்கள் கொண்டுவந்ததுதான் ஒப்புமைச் சட்டம். நோயாளி ஒருவர் வந்தால் எங்கோ இருக்கும் இன்னொருவரை அவருக்கு இணையாளாகச் சேர்ப்பார்கள். ஒருவருக்குப் புது மருந்து, மற்றவருக்குப் பழைய மருந்து. யாருக்கு எது என்பது மருந்து கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.

தராசுத் தட்டுகள் சமமாக நின்றால்தானே எடை சரியாக வரும்? அதனால் அந்த ஆய்வு மருந்து தவிர ஒருவர் வேறெந்த மாத்திரை விழுங்கினாலும் மற்றவரும் அதை விழுங்க வேண்டும். ஒருவர் ஆய்வைவிட்டு விலகினால் இருவருக்கும் மருந்து நின்றுபோகும். ஆய்வு முடிகிறவரை வேறெந்தத் துறையும் அந்த உடம்பில் கத்தி வைக்கக் கூடாது; இங்கே அறுத்ததைச் சமன்செய்ய அங்கே நல்ல உடம்பை அறுக்க முடியாதல்லவா?

சுயம்புக்கனிக்கு மக்ரூன் போடுகிற வேலை. தூத்துக்குடியில் இயந்திரங்கள் எதையெதையோ செய்தன. முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்து அடித்த நுரையைக் கூம்புத் தாளில் நிரப்பி, பதமாக அழுத்தி, நுனி உடையாமல் எடுக்கிற பதம் மட்டும் அவற்றுக்கு வரவில்லை. முடக்குவாதம் வந்து அவள் விரல்கள் கோழிக்கால் போல மடங்கியபோது, அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மூட்டுத் துறை ஆய்வில் சேர்ந்தபின் விரல்கள் நிமிர்ந்தன. கூம்பு மறுபடியும் கைக்குள் நின்றது.

ஆனால் இப்போது வயிறு வலித்தது.

வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்டு எழுந்ததும், ஆணி அடித்த மாதிரி. தெருமுனை ஸ்கேன் கடையில் பார்த்தாள். பித்தப்பை நிறையக் கல். எடுத்தாக வேண்டும், விட்டால் சீழ்பிடிக்கும், உயிருக்கே உலைவைத்துவிடும் என்றார்கள்.

உடற்காப்பு நாடியையும் சூட்டையும் தானே பார்த்துக்கொள்ளும். வலியை மட்டும் அதனால் பார்க்க முடியாது. வலி இருந்தால் ஆள்தான் அதன் ஓரத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சுயம்புக்கனி ஒருநாளும் அழுத்தவில்லை.

காரணம் இருந்தது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டு மாத்திரை போட்டாள். மறுநாள் உடற்காப்பு அதிர்ந்தது: 'இணையாளுக்கு உடல் முழுதும் தடிப்பு. ஒவ்வாமை மருந்து, மூன்று வேளை.' அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் காய்ச்சலுக்கு யாரோ ஒருத்தியின் தோல் வெந்திருக்கிறது. அன்றிலிருந்து தலைவலி வந்தால் நெற்றியில் பற்று, வயிறு வலித்தால் சீரகத் தண்ணீர். சிவப்புப் பொத்தான் பக்கம் விரல் போகவில்லை.

அன்று ஆவி பிடித்து முடித்து எழுந்தபோது ஆணி மறுபடி இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே பொறுக்க முடியாது. கிளம்பு," என்றான் தவசிமுத்து. அவன் முகத்தில் இப்போது கேலி இல்லை.

ஒப்புமை மருத்துவமனையில் அறுவைத் துறை கீழ்த்தளம். அங்கிருந்த டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், உடற்காப்பைப் பார்த்தார், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கல்லு நிறைய இருக்கும்மா. ஆனா நீங்க மூட்டுத் துறை ஆளு. நாங்க தொடக்கூடாது."

"மூட்டுத் துறை கைக்குல்லா? நான் வயித்தைக் காட்டுதேன்."

"மூட்டுத் துறைல அனுமதி எழுதி வாங்கிட்டு வாங்க."

மூட்டுத் துறை மூன்றாம் தளம். அங்கே வரவேற்பில் இருந்தவள் நிமிராமலே, வயிறு தங்கள் துறை இல்லை, இரைப்பைத் துறைக்குப் போங்கள் என்றாள். இரைப்பைத் துறையில், ஏற்கெனவே ஓர் ஆய்வில் இருப்பவரைச் சேர்க்க முடியாது, அறுவைத் துறையைக் கேளுங்கள் என்றார்கள். செக்கு மாடு மாதிரி சுற்றி மறுபடியும் மூன்றாம் தளத்துக்கு வந்தபோது சுயம்புக்கனிக்கு வலியைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"கையும் வயிறும் ஒரே சீலைக்குள்ளதான இருக்கு?" என்று வரவேற்பில் நின்று சத்தம் போட்டாள். "கைய ஒருத்தன் புடிச்சிக்கிட்டு, வயித்த ஒருத்தன் தள்ளிவிட்டா, நடுவுல இருக்க மனுசி எந்தத் துறைக்கிட்ட போவா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டர் நிவேதினி வந்தாள். மூட்டு ஆய்வு அவள் பொறுப்பு. இளவயதுதான்; கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்துக் கிடந்தது. கூட்டிப்போய் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டாள்.

"வலியைப் பதிஞ்சீங்களா?"

"இல்ல."

"பதியாத வலி, கணக்குல வலியே இல்லம்மா."

"கணக்குல இல்லேன்னா எனக்குள்ள இருந்து குத்துதது யாரு? உங்க கணக்கப்பிள்ளையா?"

தவசிமுத்து மனைவியின் தோளைத் தொட்டான். நிவேதினி கோபப்படவில்லை. மேசைத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஒரே ஒரு வழி இருக்கு. இந்தக் கல்லு நாங்க குடுக்கிற புது மருந்தால வந்ததுன்னா, அது எங்க பொறுப்பு. இணையாளைத் தொடாம உங்களுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணலாம். ஆனா அது ஒரு ஆளுக்கு வந்தா போதாது. பல பேருக்கு வந்திருக்கணும். இங்க பாருங்க, இந்த ஆய்வுல ஒருத்தர்கூட வயித்துவலின்னு பதியல. ஒருத்தர்கூட! இவ்வளவு சுத்தமான மருந்தை நான் பார்த்ததே இல்ல."

கடைசி வாக்கியத்தை அவள் கசப்போடு சொன்னாள்.

"அப்ப நீங்க கேளுங்களேன். வலிக்கான்னு."

"நாங்களா கேட்கக்கூடாது. கேட்டா, சொல்லிக்குடுத்து வாங்கின பதில்னு தள்ளிடுவாங்க. தானா வரணும். வருஷக்கணக்கா நானும் தானா வரும்னு உட்கார்ந்திருக்கேன்."

வெளியே காத்திருப்புக் கூடத்துக்கு வந்து சுயம்புக்கனி தொப்பென்று உட்கார்ந்தாள். 'நோய் பேசாதீர்' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு திரையில் யாரோ சிரிக்கிற படம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வாங்க வந்த மூட்டு ஆய்வுப் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, விலைவாசியையும் மழையையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் எஸ்தர் இருந்தாள். மாதாமாதம் பார்க்கிற முகம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு வலது விலாவை அழுத்திக்கொண்டாள். மூச்சை இழுத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

"வயித்துவலியாக்கா?" என்றாள் சுயம்புக்கனி மெதுவாக.

எஸ்தர் சுவர் எழுத்தைப் பார்த்தாள். "சேச்சே. சும்மா."

"எனக்கும் அதே இடத்துலதான். சும்மா."

எஸ்தரின் கை அங்கேயே நின்றது. சுயம்புக்கனி தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒருத்தி வெந்நீர்ப் பையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்தவள் நிமிர்ந்து சாதாரணமாக இருந்தாள். தூணோரம் ஒருத்தி, சன்னலோரம் ஒருத்தி, சட்டைக்குள் கைவிட்ட மாதிரி விலாவைப் பிடித்தபடி. ஏறக்குறைய பாதிப்பேர். புது மருந்து போகிற பாதி.

இத்தனை மாதம் இவர்களோடு உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா பதியல?"

"எப்படிப் பதிய?" எஸ்தரின் குரல் தழைந்தது. "எனக்கு மாத்திரை எழுதுனா அவளுக்கும்லா போகும்? அவளுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டும்போல. அடிக்கடி எனக்கு அந்த உறிஞ்சுற மருந்து வருது. பாவம், நம்மளால அவளுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாது பாரு. நான் தாங்கிக்கிடுவேன்."

சுயம்புக்கனி எழுந்தாள். வலி எழவிடவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏ, எல்லாரும் கேளுங்க!" மக்ரூன் அடுப்பின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். "நோயைத்தான் பேசப் போறேன். புடிச்சிட்டுப் போறவன் போகட்டும். எனக்கு இங்க வலிக்கு. பித்தப்பையில கல்லு. உங்கள்ல பாதிப்பேருக்கு வலிக்கு, எனக்குத் தெரியும். சொல்ல மாட்டீங்க. ஏன்? எங்கயோ இருக்க ஒருத்தி மேல இரக்கம். எனக்கும் அதான்."

படத்தில் மட்டும் யாரோ சிரித்தார்கள்.

"நாம வாயப் பொத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? இது குத்தங்குறை இல்லாத மருந்துன்னு ஆய்வு முடியும். முடிஞ்சதும் இதை யாருக்குக் குடுப்பாங்க? பழைய மருந்து சாப்பிடுதவளுக்குத்தான முதல்ல குடுப்பாங்க! யாரைக் காப்பாத்தன்னு நாம பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கமோ, அவ வயித்துலதான் நாளைக்குக் கல்லு விளையும்."

சொல்லிவிட்டு உடற்காப்பைத் தூக்கிப்பிடித்து, எல்லாரும் பார்க்க, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மனதுக்குள் அந்த முகம் தெரியாதவளிடம், 'ஒரு மாத்திரைதான் தாயி, பொறுத்துக்கோ' என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்து எஸ்தர் அழுத்தினாள். பிறகு வெந்நீர்ப் பைக்காரி, முகத்தை மூடி அழுதுகொண்டே அழுத்தினாள். தூணோரம், சன்னலோரம், பின்வரிசை என்று கூடமெங்கும் உடற்காப்புகள் வண்டுபோல அதிர்ந்தன.

நிவேதினி வாசலில் வந்து நின்றாள். உள்ளே அவளுடைய திரையில் வலிகள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாத முகம்.

"இப்ப போதும்மா," என்றாள். "நாங்க கேட்டு வாங்கினது இல்ல, தானா வந்தது. அறுவைத் துறைக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன். ஆனா..."

"ஆனா என்ன? அதையும் சொல்லுங்க."

"இந்த மருந்தை இனி யாருக்கும் குடுக்க முடியாது. நாளைக் காலையிலிருந்து ஆய்வு நிறுத்தம். இணைகளையும் பிரிச்சிருவாங்க. உங்க விரல்..."

சுயம்புக்கனி கையை விரித்துப் பார்த்தாள். நிமிர்ந்த விரல்கள். இன்னும் சில வாரம் நிமிர்ந்திருக்கும், பிறகு கூம்பு கையில் நிற்காது.

"ஒண்ணைக் குடுத்தா ஒண்ணைப் புடுங்கிக்கிடுவியோ," என்றாள். அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று தவசிமுத்துவுக்கும் தெரியவில்லை. அவன் அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

சாயந்தரம் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். வலி மாத்திரை போட்டதில் ஆணி கொஞ்சம் தளர்ந்திருந்தது. சன்னல் வழியாக உப்பளத்துக் காற்று வந்தது. உடற்காப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தடிப்பு என்று வருமோ, வாந்தி என்று வருமோ என்று அதன் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அது அதிர்ந்தது. தவசிமுத்து எட்டிப் பார்த்தான்.

'இணையாளுக்கு முதுகுவலி. நெடுநாள் வலி, முதல் பதிவு. மாத்திரை, உடனே.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்று காலையில் அங்கேயும் உடற்காப்பு அதிர்ந்திருக்கும்: 'இணையாளுக்கு வயிற்றுவலி.' அதைப் படித்தவள் யோசித்திருக்கிறாள். பகல் முழுக்க யோசித்து, பொழுது சாய்கிற நேரத்தில் அவளும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். நாளைக் காலையில் அவள் யாரோ, இவள் யாரோ. இன்று ராத்திரி வரைக்கும்தான் உறவு.

நர்ஸ் மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சுயம்புக்கனிக்கு முதுகில் வலி இல்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இல்லாத அந்த வலியைத் தேடுகிறவள் போல மற்றக் கையால் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"பாதகத்தி," என்றாள். "இத்தனை நாளும் இதை எங்கட்டி மறைச்சு வச்சிருந்த?"

பிறகு அதை விழுங்கினாள்.