வீட்டுக்கு ஒரு காப்பு

பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, மேசைமேல் கிடந்த வாசிப்புக் காப்பை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டாள் ஓவியா. காலையில் கொஞ்ச நேரம் படிப்பது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். எதைப் படித்தாலும், படிக்கும்போது நாடி எப்படித் துடித்தது என்பதையும் சேர்த்துக் காப்பு நூலகத்துக்குச் சொல்லிவிடும்.

காப்பு என்னவோ அவள் கணவன் நிகிலன் பேரில்தான் இருந்தது. நூலகத்தில் காப்பு கொடுக்க ஆரம்பித்த காலத்தில், "ஆளுக்கொண்ணு எதுக்கு? ஊட்டுக்கு ஒண்ணு போதும்" என்று அந்த மகாராஜா ஒன்றே ஒன்று வாங்கி வந்தார். மறுநாளே கை அரிக்கிறது என்று கழற்றியவர்தான், அப்புறம் அதைத் தொடவே இல்லை.

அன்று படிப்பு ஓடவில்லை. இருவருக்கும் ஐம்பத்தெட்டு நடக்கிறது. ஈரோடு மாவட்ட நூலகத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது.

ஒரு காலத்தில் நூலகம் ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு நல்லதைத்தான் செய்தது. ஓய்வூதியத்தைப் பற்றி விளக்கியது, யோகா வகுப்பு நடத்தியது, பொழுது போகாமல் தவிக்கப் போகிறவர்களுக்குத் தோதான புத்தகம் தேடிக் கொடுத்தது. பிறகு முதியவர்கள் பெருகினார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது. படிக்கிறவர்களின் மூளை மெதுவாகத்தான் தளர்கிறது என்று யாரோ கண்டுபிடிக்க, அரசாங்கம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயதில் காப்பில் வாசிப்பு இருந்தால் சொந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மலைமேல் அமைதிக் குடியிருப்பு. அங்கே போனவர்கள் யாரும் ஒரு போன்கூடச் செய்ததில்லை. எதிர்வீட்டு ரோஷினி போனதிலிருந்து, ஓவியா அந்த வீட்டுப் பூட்டின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

"ஏனுங்க, மறக்காம சொல்லிப்போடுவீங்கல்ல?" பேருந்தில் மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

"எம்பட ஊட்டுக்காரிதான் படிச்சான்னு சொல்றதுக்கு எனக்கென்ன? ஒரே ஊட்டு வாசிப்பு, ரெண்டு பேருத்துக்கும் பிரிச்சுக் குடுத்துருவாங்க. சும்மா பயந்துக்காத."

நூலகர் சின்னப் பெண். குரலில் அத்தனை கனிவு. அதுவே ஓவியாவுக்குப் பிடிக்கவில்லை.

"நிகிலன் சார், உங்களாட்ட வாசகர் இந்த மாவட்டத்துலயே கொஞ்சப் பேருதானுங்க. ஓவியாம்மா, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்களே?"

"அத்தனையும் நான் படிச்சதுங்க. காப்பு மட்டுந்தான் அவரோடது."

"இருக்கலாம்மா. ஆனா காப்புக்காரர் வாயால சொன்னாத்தான் செல்லும்." நூலகர் நிகிலன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்கன்னா எல்லாம் அம்மா பேருக்கு மாறிரும் சார். உங்க பேர்ல எதுவும் மிஞ்சாது."

"பாதிப் பாதியா வெக்க முடியாதுங்களா?" என்றான் நிகிலன்.

"ஒருத்தர் படிச்சது ஒருத்தருக்குத்தானுங்க."

நிகிலனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ஓவியா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

"நான்தான் படிச்சேனுங்க" என்றான்.

ஓவியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்கு இடமில்லாமல் பயமே நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் சோறு போட்ட மனுஷன், இத்தனை வருடம் தான் சோறு போட்ட மனுஷன், ஒரு மூச்சில் அவளை மலையேற்றிவிட்டான்.

"சந்தோஷம் சார்" என்றாள் நூலகர். "ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. போன வாரம் எதைப் பத்திப் படிச்சீங்க? அதைச் சொல்லலைன்னா காப்பு யாருக்குமே செல்லாமப் போயிரும். ரெண்டு பேரும் மலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

நிகிலன் முதல் தடவையாக ஓவியாவைத் திரும்பிப் பார்த்தான். எந்தச் சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது பார்க்கிற அதே பார்வை.

கடலாமைகளைப் பற்றிய புத்தகம் அது. போன வாரம் தோசை வார்த்துக்கொண்டே அவனிடம் சொல்லியிருந்தாள், அவனும் 'ம்' கொட்டியிருந்தான். இப்போது உதட்டை அசைத்தால்கூடப் போதும், அவனாவது பிழைத்துக்கொள்வான்.

ஆனால் அந்த மலைக்குத் தனியாகப் போவதை நினைத்தாலே அவளுக்கு உயிர் நடுங்கியது.

மேசைக்கு அடியில் அவன் கையைத் தேடி இறுகப் பிடித்துக்கொண்டு, ஓவியா பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.