பின்பக்கக் கார்புரேட்டர்

கையை எட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திய பிறகும், ரப்பர் குழாய்க்குள் காற்று இழுபடும் சத்தம் நிற்கவில்லை.

லாசரஸ் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். வியாழக்கிழமை மாலை, மணி ஐந்தரை. மழை விட்ட பிறகும் தகரக் கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்த சொட்டு, சிராங்கூன் ரோட்டில் பஸ்களின் உறுமல், பக்கத்து மாவு மில்லிலிருந்து வரும் மிளகாய் நெடி, சூடான இன்ஜினிலிருந்து கிளம்பும் பெட்ரோல் வாசம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பட்டறையில் வேறு ஆள் இல்லை. குழாயை மறுபடி காதில் வைத்தான். உள்ளே மெல்லிய இழுப்பு. ஒரு சின்ன நிறுத்தம். பிறகு மெதுவாக வெளியே விடுவது. கார்புரேட்டர் காற்றை உள்ளே இழுக்கத்தான் செய்யும், வெளியே விடாது. பட்டறை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எவனுக்கும் தெரிந்துவிடுகிற விஷயம் அது.

அவன் பானெட்டைச் சாத்திவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

வண்டி புத்தம் புதிது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் கப்பலேறி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. முதலாளி துரைசாமி மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கார்ப் பந்தயம் என்றால் அவருக்குத் தலை கால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை கிளப் நடத்தும் ஜிம்கானாவில் லாசரஸ்தான் இதை ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மைதானத்தில் ஐந்து எண்ணெய் டிரம்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொடியைச் செருகியிருப்பார்கள். ஓட்டுகிறவர் டிரம்களை வளைந்து வளைந்து சுற்ற, பக்கத்தில் இருப்பவர் எக்கி எக்கிக் கொடிகளைப் பிடுங்க வேண்டும். குறைந்த நேரத்தில் முடிக்கிறவர்களுக்குக் கோப்பை. இந்த வருஷம் தம்பதிகளுக்குத் தனிப் போட்டி. பக்கத்து இருக்கையில் ரூபி, அவன் மனைவி.

இந்த மாதிரி வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடும். அதைப் பார்க்க ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனை கார்புரேட்டரின் வாயில், மறு முனை காதில். முன்னால் கேட்பதும் பின்னால் கேட்பதும் ஒன்றாகும் வரை திருகைத் திருக வேண்டும். ஒன்பது வருஷமாக அதை இரண்டு பேராகத்தான் செய்தார்கள். முன்பக்கம் லாசரஸ், பின்பக்கம் கோவிந்தசாமி, ஆளுக்கொரு குழாய். பேச்சே இருக்காது. கோவிந்தசாமி விரலை உயர்த்தினால் கூட்டு, தாழ்த்தினால் குறை, கையை மூடினால் சரி.

கோவிந்தசாமி செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

உட்லண்ட்ஸ் ரோட்டில் முதலாளியின் பழைய வண்டியைச் சோதித்துப் பார்க்கப் போனபோது, மிதித்த ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டது. லாசரஸ்தான் ஓட்டினான். ரப்பர் மரம் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங், காட்டர் பின் என்னும் ஒரு சின்னக் கம்பி ஊசியில்தான் நிற்கும். அன்று மதியம் அந்தப் பின்னைக் கழற்றியவன் லாசரஸ். டீ குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்ட மறந்தவனும் அவனேதான். ஆஸ்பத்திரியில் சட்டைப் பைக்குள் கையை விட்டபோது அது விரலில் குத்தியது. விசாரணையில் கேட்டார்கள். கடைசியாக ஸ்பிரிங்கில் கை வைத்தது கோவிந்தசாமிதான் என்று சொல்லிவிட்டான். செத்தவன் மறுத்துப் பேசவா போகிறான்? வெளியே வந்தபோது கோவிந்தசாமியின் மனைவி முத்தாயி இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு அப்படி மறக்கிற ஆளில்லண்ணே" என்று அழுதாள். இவன் ஆறுதல் சொன்னான்.

ரூபிக்கு இது தெரியாது. சொல்ல ஆரம்பித்த நாள்களில் எல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, உட்லண்ட்ஸ் போகும் வழியில் ராணுவ லாரிகள் முன்பு நின்ற காலி மைதானத்தில் பழகப் போனார்கள். பழைய வண்டி சொன்னதைச் செய்யும். இது சொல்ல நினைக்கும்போதே செய்துவிடும். காலை லேசாக வைத்தாலே முதுகு இருக்கையில் அறைந்தது. முதல் டிரம்மைச் சுற்றும்போது வண்டியின் வால் வீசி, டிரம்மை உருட்டிவிட்டு முழு வட்டம் அடித்து நின்றது. செம்மண் தூசி இருவர் வாயிலும் போயிற்று. ரூபி துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, திருப்பத்துல காலை எடுக்கிறீங்க. அதான் சுத்துது."

அவள் சொன்னது சரி. இந்த வண்டியை வளைவில் மிதித்தபடியேதான் கொண்டுபோக வேண்டும். காலை எடுத்தால் பின்பக்கம் பிடி விட்டுவிடும். அவனுக்கும் அது தெரியும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், ஆக்சிலரேட்டர் திரும்பி வருகிறதா என்று பார்க்கக் கால் தானாக எழுந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆறாவது சுற்றில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அழுத்தியே வைத்தான். வண்டி டிரம்மை ஒட்டி வழுக்கி வளைந்து நேரானது. ரூபி கொடியைப் பிடுங்கிக் கூச்சல் போட்டாள். அவனுக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு இன்ஜினை நிறுத்தி இருவரும் தண்ணீர் குடித்தார்கள். மைதானத்துக்கு அப்பால் லாலான் புல் அசையாமல் நின்றது.

"உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள் ரூபி.

அவன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தான்.

"இல்ல, நீங்க இல்ல." அவள் தலையைச் சாய்த்தாள். ரூபி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். லைனில் ஆள் பேசாமல் இருந்தாலும் இருக்கிறாரா போய்விட்டாரா என்று சொல்லிவிடுவாள். "யாரோ லைன்ல இருக்கிற மாதிரி இருக்குங்க."

"இன்ஜின் ஆறுது" என்றான் லாசரஸ். போத்தலை மூடி இருக்கைக்குப் பின்னால் வைத்தான்.

சனிக்கிழமை மதியம் தனியாகப் பட்டறைக்கு வந்தான். வண்டியில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தால் போதும், ஓட்ட முடியாது என்று முதலாளியிடம் கையை விரித்துவிடலாம், ரூபி வீட்டிலேயே இருப்பாள். பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டு எல்லாம் பார்த்தான். காட்டர் பின்னை ஏழு தடவை பார்த்தான். ஏழு தடவையும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு குறை இல்லை.

இன்ஜினைக் கிளப்பிக் குழாயை எடுத்தான். முன்பக்கம் சீரான சீறல். பின்பக்கம் சீறல் ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. அசந்து தூங்குகிறவன் மூச்சு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய டயர்கள்மேல் துண்டை விரித்துப் படுக்கும் கோவிந்தசாமியின் மூச்சு. லாசரஸுக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்போதே வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் கை பழகிப்போன கை. இரண்டு சத்தம் வேறு வேறாகக் கேட்டால் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவன் முன்பக்கத் திருகில் விரலை வைத்துக் கால் சுற்றுத் திருகினான். இன்னும் ஒரு மயிரிழை. முன்பக்கச் சீறல் ஏற ஆரம்பித்தது. இறங்கியது. நின்றது. ஏறியது. இரண்டும் ஒன்றாயின. இன்ஜின் அடங்கி, அவன் கேட்டேயிராத மிருதுவான ஒரு சத்தத்துக்கு வந்தது.

கண் தானாக எதிர்ப்பக்கம் உயர்ந்தது. யாரும் இல்லை. பச்சை மட்கார்டின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு, யாரோ வாயை வைத்து ஊதினாற்போல ஆவி படர்ந்து மறைந்தது.

கடையிலிருந்து வந்த துரைசாமி காதைச் சாய்த்துக் கேட்டார். "தையல் மெஷின் மாதிரி ஓடுது லா! தனியா எப்படிப்பா செஞ்ச?"

"தனியா இல்ல முதலாளி" என்று வாய் வரைக்கும் வந்ததை லாசரஸ் விழுங்கினான்.

அன்று மாலை ரூபியோடு மாதா கோயிலுக்குப் போனான். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. பதினோரு மாதமாக அவன் நற்கருணை வாங்கவில்லை. ரூபி கவனித்தும் கேட்கவில்லை. இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் மண்டியிட்டான். மெழுகும் பழைய மரமும் வியர்வையும் கலந்த வாசம். சாமியாரை மறைத்த மரச் சல்லடைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். அந்தப் பக்கம் இருட்டு. இருட்டில் ஒரு இழுப்பு. நிறுத்தம். மெதுவாக வெளியே விடுவது.

பொய் சொன்னதாகச் சொன்னான். கோபப்பட்டதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டதாகச் சொன்னான்.

"வேறே ஏதாச்சும் உண்டா?" குரல் சாமியாருடையதுதான். மூச்சு அவருடையது இல்லை.

"இல்ல சுவாமி."

மூச்சு நின்றது. காத்திருந்தது. பிறகு மறுபடி தொடங்கியது.

திரும்பி நடக்கும்போது பூக்கடை விளக்குகளுக்குக் கீழே அவளை நிறுத்தினான். "நாளைக்கு நீ வராத ரூபி."

"ஏன்?"

"பயமா இருக்கு. உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு இருக்கு."

"வண்டில ஏதும் கோளாறா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பயம்? காரணத்தைச் சொல்லுங்க, நான் வரல. சத்தியமா வரல." அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மல்லிகைச் சரம் கட்டுகிறவரின் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான் அவள் கேட்டது. சொன்னால் அவள் பிழைப்பாள், ஆனால் இனி அவனை இப்படிப் பார்க்க மாட்டாள்.

"கோவிந்தசாமி ஞாபகம் வருது. அவ்வளவுதான்" என்றான்.

"அவருக்காகவே ஜெயிப்போம்" என்று ரூபி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்து மணி. கடலோரத் திடலில் வெயில் கொளுத்தியது. குடைகள், தொப்பிகள், ஐஸ் வண்டி மணி, ஒலிபெருக்கியில் ஆங்கிலம். பேய்க்கு இங்கே என்ன வேலை என்று லாசரஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரூபி வெள்ளைச் சட்டையில், தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்டு, பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள். இரண்டு கார்புரேட்டரும் சேர்ந்து உறுமின. தொடக்கக் கொடி இறங்கியது.

முதல் டிரம். காலை எடுக்கவில்லை. ரூபி எக்கினாள். கொடி.

இரண்டாவது. வால் வழுக்கியது. நேரானது. கொடி. அவள் சிரிப்பது கேட்டது.

மூன்றாவது. சிரிப்பு கேட்கவில்லை. காற்றின் சத்தமாக இருக்கும். கொடி.

நான்காவது. காலை எடுக்க வேண்டும் போலிருந்தது. எடுத்தால் வண்டி சுற்றும். அவள் பக்கம் டிரம்மில் அடிக்கும். எடுக்கவில்லை. இன்னும் மிதித்தான். கொடி.

ஐந்து. கொடி.

வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே பிரேக். தூசி. நின்றது. ஆக்சிலரேட்டர் திரும்பி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. கர்த்தரே, ஒன்றும் ஆகவில்லை. சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

குழாய் வேண்டியிருக்கவில்லை. பானெட்டுக்கு அடியில், பின்னால் ஒன்று, கனமானது. முன்னால் ஒன்று. மெல்லியது. தினமும் இரவில் தலையணைக்குப் பக்கத்தில் கேட்பது. இரண்டும் ஒரே அளவு.

ரூபியின் பக்கம் திரும்பினான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து கொடிகள். கண்கள் திறந்திருந்தன, அவனைத்தான் பார்த்தன. வெள்ளைச் சட்டை ஏறவில்லை. இறங்கவில்லை.

"ரூபி."

அவள் உதடுகள் அசைந்தன. அங்கிருந்து சத்தம் வரவில்லை. அவள் குரல் பானெட்டின் இடுக்கு வழியாக வந்தது.

"என்னங்க, பின்னை மாட்ட மறந்தது நீங்கதான்னு என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

துரைசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்னது. திடல் முழுக்கக் கைதட்டியது. ரூபி கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மடியில் வைத்தாள். பானெட்டுக்கு அடியில் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, நிறுத்தி, அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.