உள்தாழ்ப்பாள்

அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. பூட்டும் வங்கி போட்ட பூட்டுதான். சாய்சரண் இரண்டையும் நீக்கிவிட்டுக் கதவைத் தள்ளினான். அசையவில்லை. உட்புறம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பேங்க்கு ஊட்டுக்குள்ள பேங்க்காரரையே உட மாட்டேங்குதுங்களே!" காவலாளி மாசாணம் சிரித்தார்.

"பின்வாசல் வழியா போலாமாண்ணா?"

"அதைத்தான் அன்னைக்கே செங்கல் வெச்சு அடைக்கச் சொல்லிப்போட்டீங்களே சார்."

கடனுக்காக வங்கி கைப்பற்றிய சூலூர் வீடு. எட்டு மாதமாக விலைபோகாமல் ஆர்.எஸ்.புரம் கிளையின் சொத்துக் கணக்கில் கிடந்தது. நான்கு மணிக்கு ஒருவர் பார்க்க வருகிறார். கடப்பாரை கேட்டு வாங்கிவர மாசாணம் பக்கத்துத் தறிக்கூடத்துக்குப் போனார்.

வாசலில் சாய்சரண் மட்டும் நின்றான். மே மாத வெயில் சிமெண்டுத் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்க, சுற்றிலும் தறிகள் ஓயாமல் தடதடத்துக்கொண்டிருக்க, அவனுக்கு வீட்டைக் கைப்பற்றிய அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் வெங்கடபதி சாமான்களை டெம்போவில் ஏற்றிவிட்டு, "மேல ஒருக்கா பாத்துப்போட்டுப் பூட்டுங்க சார்" என்றார். "பாத்தாச்சுங்க" என்றான் இவன். பார்க்கவில்லை. மாடிப்படி இருட்டாக இருந்தது. கிளைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. 'உள்ளே ஆட்கள் எவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெங்கடபதியின் மனைவி மாடி ஜன்னலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதை, வீடு போன துக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

கதவிடுக்கில் முகத்தை வைத்தான். பூட்டிக் கிடந்த வீட்டின் புழுதி வாடை இல்லை. யாரோ வெகுநேரம் வாய் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த இடத்தின் ஈர வாடை.

கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் அடங்கிய பிறகுதான் அது கேட்டது: மாடிப்படியில், வெறுங்காலுடன், ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, நிதானமாக யாரோ இறங்கி வரும் சத்தம்.

உயிரோடு இருக்கிறார்கள். ஒரு நொடி நெஞ்சு லேசானது. ஆளை வைத்துப் பூட்டிக் கொன்றுவிடவில்லை. கும்பிட்டுக்கூடக் கேட்டுக்கொள்ளலாம், வெளியே சொல்லாதீர்கள் என்று.

அப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் இணைப்பைத் துண்டித்தது அவன்தான். எட்டு மாதம்.

"யாருங்க?" என்றான்.

"ஏனுங்க, வந்துட்டீங்களா?" பெண் குரல். மரியாதையான குரல். "இருங்க கண்ணு, வாரேன்."

ஓட வேண்டும். தறிக்கூடத்துப் பக்கம் பார்த்தான். மாசாணத்தைக் காணவில்லை. தெருவில் யாருமில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது. துரு உரசி. மெதுவாக. முழுக்க.

கதவு தானாக விலகியது. அதன் பின்னால் யாரும் இல்லை.

பத்தடி தள்ளி, படிக்கட்டின் நடுவில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் இருட்டில். அவன் ஏறிப்போக இடம் விட்டு, சேலையை ஒதுக்கி, முழங்கால்களைச் சேர்த்து மடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு மேல்படியில் இருந்த சிறுமியும் மடக்கிக்கொண்டாள்.

அதற்கு மேல்படியிலும்.