ஐப்பசியில் ஃபிரிட்ஜுக்குள் போன மரம்

ஐப்பசி பாதிகூடத் தாண்டவில்லை. இட்லி மாவை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த கோகிலவாணி கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நடுத்தட்டைக் கழற்றிவிட்டு, மாவுத் தூக்குக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் நடுவே, தொட்டியோடு மரத்தை உட்கார வைத்திருந்தான் அவள் புருஷன் நல்லசிவம்.

மரத்தை ஃபிரிட்ஜில் வைப்பதில் தப்பில்லை. ஊரே வைக்கிறது. ஆனால் மார்கழியில்தான் வைக்கும். கிங்கோ குளிர்நாட்டு மரம். வருடத்தில் சில வாரமாவது நடுங்கித் தூங்கி எழுந்தால்தான் மறுபடி துளிர்க்கும். கோயம்புத்தூர்க் குளிர் அதற்கு ஒரு குளிரே இல்லை. அதனால் மார்கழி பிறந்ததும் வீட்டுக்கு வீடு மரத்தைத் தூக்கி உள்ளே வைத்து, தை பிறந்தபின் வெளியே எடுப்பார்கள். மரம் தூங்கும் அந்த மாதத்தில் கல்யாணம் பேச மாட்டார்கள், மற்றதெல்லாம் பேசுவார்கள். வருடம் முழுக்க அடக்கி வைத்த பொய்யையெல்லாம் அந்த ஒரு மாதத்தில் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

ஐப்பசியிலேயே ஒருவன் மரத்தைத் தூங்க வைக்கிறான் என்றால், அவனுக்கு மார்கழி வரை காத்திருக்க முடியாத பொய் ஏதோ இருக்கிறது. கோகிலாவுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மரத்தை வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

மெய்யிலை என்று பெயர் வைத்து அந்தக் கன்றுகளை விற்கத் தொடங்கியபோது அவள் பள்ளிக்கூடப் பெண். பாடப்புத்தகத்தில் படம்கூட இருந்தது. கல்லூரி மாணவர்களை வரிசையாக உட்கார வைத்து, பொய் சொல்லச் சொல்லி, பிடிபட்டால் மதிப்பெண் குறையும் என்று மிரட்டி, அவர்கள் விட்ட மூச்சைக் குப்பிகளில் பிடித்தார்களாம். அதில் மனித மூக்குக்கு எட்டாத ஒரு வாடை கலந்திருந்தது. அதை மோந்து பிடிக்கும்படி கிங்கோவின் மரபணுவை மாற்றிவிட்டார்கள். இத்தனை மரம் இருக்கக் கிங்கோ எதற்கு என்றால், அதன் விசிறி இலையில் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும், திரும்ப எங்கும் சேராது. ஒரு நரம்பு வாங்கியதை இன்னொன்று கலைக்காது. பூச்சி அண்டாது, புகைக்கும் அசராது. வீட்டில் யாராவது பொய் சொன்னால் சொன்ன வாய் மூடுமுன் ஏதாவது ஒரு இலையின் ஓரம் மஞ்சளாகும். அடுத்த நாள் அந்த இலை உதிரும்.

ஒரே நிபந்தனை, வளர்ந்த மரத்தைக் கடையில் வாங்கி வைக்க முடியாது. முளைவிட்ட கன்றாக வந்து, முதல் வருடம் முழுக்க அந்த வீட்டு மூச்சைக் குடித்து வளர்ந்தால்தான் அது அந்த வீட்டாரை அறியும். விருந்தாளி எவ்வளவு புளுகினாலும் கண்டுகொள்ளாது. அதனால்தான் கல்யாணத்தில் தாய்மாமன் சீரோடு ஒரு கன்றும் வரும் வழக்கம் வந்தது. கோகிலாவுக்கு அவள் மாமா கொண்டுவந்தது விரல் நீளக் குச்சி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று பாதி மணல் கலந்து மண் போட்டாள். உச்சி வெயில் படாமல் கிழக்கு ஜன்னலோரம் வைத்தாள். முதல் வருடம் இரண்டே இலை. அந்த இரண்டையும் ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். விட்டால் ஆயிரம் வருடம் நின்று வளரும் மரத்தை ஃபிரிட்ஜுக்குள் அடங்கும்படி நுனி கிள்ளிக் கிள்ளி முழங்கை உயரத்தில் நிறுத்தியிருந்தாள். இன்றைக்கு அதில் மிச்சம் இருக்கும் இலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆடியில் ஆரம்பித்தது. நல்லசிவம் தானோட்டிப் பேருந்து டிப்போவில் பிரேக் பார்ப்பவன். ஒருநாள் நேரம் கழித்து வந்தான். "ஏனுங்க இத்தன நேரம்?" என்றாள். "ஒரு வண்டி பாதி வழில நின்னு போச்சு" என்றான். இலை மஞ்சளானது. அதற்குப்பின் அவன் வாயைத் திறந்தாலே மஞ்சள். டீ குடித்தேன் என்றால் மஞ்சள், குடிக்கவில்லை என்றாலும் மஞ்சள். கோகிலா பம்ப் கம்பெனியில் கசிவு பார்க்கும் பிரிவில் இருப்பவள். கசியவில்லை என்று நிரூபிக்கும்வரை எந்தப் பம்பும் கசிகிற பம்புதான் என்று பழகிய கண். புருஷனையும் அதே கண்ணால்தான் பார்த்தாள்.

முழு உதிர்வு என்றால் விளையாட்டில்லை. கோர்ட்டே அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. கோர்ட்டுக்குப் போகுமுன் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்து, மொட்டை மரத்தை நடுவில் வைத்துப் பேசி, பாத்திரம் பண்டத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அந்த மனிதனை எவரும் நம்ப மாட்டார்கள்.

நல்லசிவம் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சமையலறைக்கு வந்தான். மேஜைமேல் மரத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"மரத்த எதுக்குங்க உள்ள வெச்சீங்க?" என்றாள் கோகிலா.

"இருக்கறதே நாலஞ்சு இல. அதும் கொட்டிப் போச்சுன்னா உங்கூட்ல இருந்து ஆளுக வந்து உக்காந்துக்குவாங்க, அம்மிணி. அதுக்குத்தான்."

"நெசத்தப் பேசுனா அது ஏனுங்க கொட்டப்போகுது?"

"நெசத்தப் பேசினாலும் கொட்டுதே." அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "நா ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் திட்டு. போன வாரம் லீவு போட்டுட்டு இதுக்கு முன்னால உக்காந்தேன். வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். நாந்தான் இந்த ஊரு மேயருன்னு சொன்னேன். ஒரு இலகூட மாறல. நீ வேல முடிஞ்சு வந்து, செருப்பக் கழட்டறதுக்கு முந்தி, 'லீவுங்களா?'ன்னு கேட்ட. 'ஆமா'ன்னேன். மஞ்சளாயிருச்சு. அது நெசந்தான?"

"அதுக்கு?"

"மரம் மோந்து பாக்கறது என்ற மூச்ச இல்ல, கோகிலா. உன்றத."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் மரமே கோணல் என்கிறான், போதாததற்குப் பெண்டாட்டியின் மூச்சும் கோணல் என்கிறான். யோசித்து யோசித்துத் தயார் பண்ணிய பேச்சு என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மேலிருந்த இலையின் ஓரத்தில் மஞ்சள் ஏறியது.

"பாருங்க," என்று விரலை நீட்டினாள். "இப்ப என்ன சொல்றீங்க?"

அவன் மரத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். பிறகு எழுந்து பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டான். "அவினாசில தம்பி ஊட்ல ரெண்டு நா இருந்துட்டு வர்றேன். நா இல்லாம அது எப்படி இருக்குதுன்னு நீயே பாத்துக்க. மரத்த வெளியவே வெய்யி." கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

விஷயம் மேல்மாடிக்கு எப்படிப் போனதோ, சற்று நேரத்தில் ஹேமலதா இறங்கி வந்தாள். போன வருடம் அவள் வீட்டு மரம் முழுக்க உதிர்ந்து, புருஷன் பெட்டியோடு வெளியேறினான். தனியாக இருக்கிறாள். தலை நிமிர்ந்துதான் இருக்கிறாள்.

"அவினாசிக்குத்தான் போனாரா? போன் போட்டுக் கேட்டியா?"

"தம்பி ஊட்டுக்குன்னு சொன்னாருங்க."

"எங்காளும் அப்படித்தான் சொல்லுவாப்ல. மொகத்தப் பாத்தா பச்சப் பிள்ளையாட்டம் இருக்கும். இந்த மரம் மட்டும் இல்லீன்னா நா இன்னும் அந்தாளுக்குச் சோறு வடிச்சுக் கொட்டிட்டுத்தான் இருந்திருப்பேன்." ஹேமலதா மேஜையருகே குனிந்து இலைகளைப் பார்த்தாள். "நாலுதான் இருக்குது போல. விடு கண்ணு. கொட்டறது கொட்டட்டும், நிம்மதி."

அவள் போனபின் கோகிலா தட்டில் இரண்டு இட்லி போட்டுக்கொண்டு மரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அவினாசிக்குத்தான் போனானா என்று ஹேமலதா கேட்டது காதிலேயே நின்றது. தம்பி வீட்டில் போன மாதம்தான் சண்டை போட்டு வந்தான். அங்கே எப்படிப் போயிருப்பான்? வேறு எங்கே போயிருப்பான்?

எதிரே ஒரு இலையின் ஓரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் பொய் சொல்ல ஆளே இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

பம்ப் கம்பெனியில் காலையில் முதல் வேலை பம்பைப் பார்ப்பது இல்லை. நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்த பம்ப் ஒன்று தனியாக இருக்கும், மாஸ்டர் என்பார்கள். அதைக் கசிவு காட்டும் கேஜில் மாட்டிப் பார்ப்பார்கள். மாஸ்டரே கசிவதாக முள் காட்டினால், கோளாறு கேஜில். அதைப் பார்க்காமல் ஒரு பம்பைக் கழித்துக் கட்டினால் மேஸ்திரி கத்துவார். எத்தனையோ வருடமாக ஒருநாள்கூட அவள் அதைத் தவறவிட்டதில்லை. வீட்டில் மட்டும் ஒருநாள்கூட அதைச் செய்ததில்லை. சீரில் வந்ததை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேரு ஹேமலதா," என்றாள் மரத்திடம்.

இலை மாறவில்லை.

"நா பொறந்தது ஜப்பான்ல. எனக்கு ஏழு புள்ளைங்க. இட்லி நல்லா வெந்திருக்குது." கடைசியதுதான் பெரிய பொய். ஒன்றுக்கும் அசையவில்லை மரம்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே, நல்லசிவம் யாரோ ஒருத்தியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதாக நினைத்தாள். மூச்சு ஏறி இறங்கியது. இன்னொரு இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காம்புவரை போயிற்று.

பாடப்புத்தகப் படம் ஞாபகம் வந்தது. வரிசையாக உட்கார்ந்து நெற்றி வியர்த்த பையன்கள். பொய் சொன்னதற்கா வியர்த்தார்கள்? மதிப்பெண் போய்விடுமே என்று பயந்து வியர்த்தார்கள். குப்பியில் பிடித்தது அந்தப் பயத்தை. மரத்துக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. பழகிப்போன பொய்யன் பயப்படவே மாட்டான். வீட்டில் யாருக்கு நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்கிறதோ அவர்கள் மூச்சைத்தான் அது காட்டும். கேள்வி கேட்கிறவளுக்குத்தானே நெஞ்சு அடித்துக்கொள்கிறது?

ஆடியிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அவளுடைய மூச்சு. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவமானமாக இருந்தது, அதைவிட அவனை நினைத்தால் பாவமாக இருந்தது.

மேலே ஹேமலதா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று கோகிலா எழுந்தாள். என்னவென்று சொல்வது? உன் புருஷன் ஒருவேளை பச்சைப் பிள்ளையேதான் என்றா? மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது மரத்தில் மஞ்சளாகாத இலை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கைத்திரையை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன, கடைசி இலயும் போயிருச்சா?" என்றான் நல்லசிவம்.

"இல்லீங்க. ஒண்ணு இருக்குது." நீங்கள் சொன்னதுதான் சரி, அது என் மூச்சுதான் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். வாய் வேறொன்றைச் சொன்னது. "கொள்ளுப் பருப்பு வெச்சிருக்கறனுங்க. ஆறிப்போகும். வாங்க."

அடுப்பில் ஒன்றும் இல்லை. கொள்ளு டப்பாவில் இருந்தது.

"நா அப்பவே கெளம்பிட்டேன்," என்றான். குரல் இளகியிருந்தது. "வண்டிலதான் வந்துட்டு இருக்கேன். கருமத்தம்பட்டி தாண்டியாச்சு."

அவன் பின்னால் குக்கர் விசிலடித்தது. "மாமா, தட்டு வெச்சாச்சுங்க, வாங்க," என்று அவன் தம்பி பெண்டாட்டியின் குரல் கணீரென்று கேட்டது.

இத்தனை மாதமாக அவள் தேடித் தேடிக் கிடைக்காத அசல் பொய் இப்போதுதான் காதில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது, இந்தத் தடவை நல்ல சிரிப்பு. "பாத்து வாங்க," என்று வைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. கடைசி இலை பச்சைப் பசேலென்று நின்றது.

சமையலறைக்குப் போய்க் கொள்ளைக் களைந்து குக்கரில் போட்டாள். பூண்டை உரித்தாள். கருமத்தம்பட்டியாம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என்ன வேகம், என்ன சரளம். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. குக்கர் மட்டும் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அவளே நம்பியிருப்பாள்.

இவ்வளவு சுலபமாக வருகிறதே அவனுக்கு.

பூண்டு உரித்த கை மெதுவானது. மேஜைமேல் அந்த ஒற்றை இலை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் போலிருந்தது. பார்க்கப் போகிற மூச்சிலேயே அது மஞ்சளாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் ஒருமுறை திரும்பியது. அடுப்புத் திண்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசல் மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.