பின்கட்டிலுக்கு நகர்ந்த பாரம்

"எழுபத்திரண்டு மைல் வேகம், ராய்ஸ்! பின்னாடி ஏழாயிரம் பவுண்டை இழுத்துக்கிட்டு—"

"நாப்பது வருஷமா இழுக்குறவன்கிட்ட வந்து—"

"காத்து குறுக்கால அடிக்குது, அறுபதுல போ!"

"இது உன் ஸ்கூல் பஸ் இல்லடி மகராணி, பிள்ளைங்களை எண்ணிக்கிட்டே உருட்டுறதுக்கு!"

லோர்னா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ராய்ஸைக் கட்டிக்கொண்டு நான்கு மாதம்தான் ஆகிறது. இருவருக்கும் இரண்டாம் கல்யாணம். வயோமிங் நெடுஞ்சாலையில் பட்டப்பகல் வெயில். பிக்கப் வண்டியின் பின்னால் முப்பதடி வீட்டு டிரெய்லர்.

அப்போதுதான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. டிரெய்லரைப் பூட்டிய கொக்கியை அழுத்திக்கொண்டிருந்த பாரம் பின்னால் நகர்ந்து போகிறது. டிரெய்லருக்குள் யாரோ எழுந்து, கடைசியில் இருக்கும் பின்கட்டிலை நோக்கி நடப்பது போல.

ஓரடி.

இன்னோரடி.

டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ராய்ஸின் கால் பிரேக்கைத் தேடியது.

"மிதிக்காதே! மிதிச்சா அது நம்மளைச் சுருட்டிடும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடு!"

டிரெய்லருக்கென்று தனியாக இருந்த கைப்பிரேக்கை அவளே அழுத்தினாள். பின்வண்டி மட்டும் இழுத்துப் பிடிக்க, ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது.

"அடுத்த லாரி நிறுத்தத்துல எடை போடுறோம்," என்றாள். "இல்லேன்னா நான் வரலை."

எடைமேடையில் சக்கரங்களைச் சரியாக நிறுத்த அவள் கீழே இறங்கி, வாக்கி டாக்கியில் அவனுக்கு வழி சொன்னாள். வண்டியை இடம் பார்த்து நிறுத்தும்போது டிரெய்லர் வைத்திருக்கும் எல்லாத் தம்பதியும் செய்வதுதான். அவன் கையில் ஒன்று, அவள் கையில் ஒன்று. முதல் எடையில் குறை ஏதுமில்லை. இருந்தாலும் பின்னால் கிடந்த இரும்புச் சாமான் பெட்டியை முன்பக்கம் மாற்றவைத்து, இன்னொரு தடவை எடை போடச் சொன்னாள்.

எடைச்சீட்டு கொடுக்கும் பெண் கண்ணாடி ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"பெட்டியை முன்னாடிதானே வச்சீங்க?"

"ஆமா."

"மொத்த எடை அப்படியேதான் இருக்கு. ஆனா முன்பக்கம் நூத்தி அறுபது பவுண்டு குறைஞ்சு போச்சு, உள்ள யாரோ பின்னாடி நகர்ந்த மாதிரி. வண்டி ஓடுறப்ப உள்ள ஆள் இருக்கக்கூடாதும்மா. முதல்ல அவங்களை இறங்கச் சொல்லுங்க."

"உள்ள யாருமில்லையே."

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டாள்.

லோர்னா டிரெய்லர் கதவைத் திறந்தாள். புதினாத் தைலத்தின் வாசனை. அவளிடம் அப்படி ஒரு தைலமே கிடையாது. பின்கட்டிலில், காலையில் அவள் இழுத்து விரித்த விரிப்பு ஆள் நீளத்துக்குப் பள்ளமாகியிருந்தது. தலையணை மேல் நான்காக மடித்த ஈரத்துணி, நெற்றியில் போடுவது போல.

தொட்டாள்.

சூடாக இருந்தது.

கீழே இறங்கி ராய்ஸிடம் போனாள்.

"உன் முதல் பொண்டாட்டி நடீன் எப்படிச் செத்தா?"

"எத்தனை தடவை சொல்றது? டிரெய்லர் கவிழ்ந்து விபத்து."

"முன் சீட்லயா இருந்தா?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"ஒத்தத் தலைவலி அவளுக்கு. பின்னாடி போய்ப் படுத்துக்கிட்டா."

"ஓடுற டிரெய்லர்லயா?"

"அவளாத்தான் போனா! சும்மா படுத்திருந்தாளா? வாக்கி டாக்கியை எடுத்து வச்சுக்கிட்டு, ஆடுது ராய்ஸ், பயமா இருக்கு ராய்ஸ், மெதுவாப் போன்னு ஒரே தொணதொணப்பு."

"நீ என்ன பண்ணே?"

ராய்ஸ் பிக்கப்பின் கதவைத் திறந்தான்.

"என்ன பண்ணே ராய்ஸ்?"

"ஆஃப் பண்ணிட்டேன். போதுமா? ஏறு!"

"நான் ஏறலை. நீயும் ஏறாதே. டிரெய்லரைக் கழட்டிப் போட்டுட்டு வா, கெஞ்சிக் கேக்குறேன்."

"நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்குறியா? இங்கேயே கெட!"

கதவை அறைந்து சாத்தினான். பிக்கப் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடிப்பதை அவள் நின்று பார்த்தாள். ஐம்பது இருக்கும். அறுபது.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"ராய்ஸ், மெதுவாப் போ. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

டக்.

அணைத்துவிட்டான். இனி அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வர வழியில்லை.

தூரத்தில் பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

அவள் உள்ளங்கைக்குள் கருவி கரகரத்தது. முதலில் ஒரு மூச்சு. படுக்கையில் புரண்டு படுக்கும் சத்தம். பிறகு தலைவலிக்காரியின் களைத்த குரல், தணிவாக, கிட்டத்தட்டப் பரிவாக:

"நீ இறங்கிட்டேல்ல, லோர்னா?"