உச்சிக் கிளைகள்

பூட்ஸில் பனி ஒட்டியிருக்க, வினிஃப்ரெட் ஹாலின்ஸ் உள்ளே வந்தாள்.

“ஐயா, என் மரத்த வெட்டிட்டாங்க.”

யார்க்‌ஷயர் மலைச்சரிவிலிருந்த அவள் பண்ணையில் எஞ்சியிருந்த ஒரே ஹாலி மரம் அது. பண்ணைக்கும் குடும்பத்துக்கும் ஹாலின்ஸ் என்ற பெயரை அந்த மரம்தான் தந்தது என்று அவள் ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். அன்று மாலை மரத்தடியில் வெளியீடு.

“வாத்தியார் லிண்ட்லிதான். ‘ஹாலோ’ன்னா பள்ளம், ஹாலின்ஸ் அதுலேருந்து வந்த பேருன்னு பேப்பர்ல எழுதினவரு. அவரோட ரம்பம் பக்கத்துலயே கெடக்கு.”

துப்பறிவாளர் ஆக்டன் தொப்பியை எடுத்தார். நண்பர் ஆஷ்வொர்த் அதற்குள் வாசலில் நின்றார்.

“பழைய இங்கிலீஷ்ல ‘ஆக்’னா ஓக் மரம், அது உங்க பேருல. என் பேருல ஆஷ், வாத்தியார் பேருல லிண்டன். மரமே மரத்த வெட்டுது, ஆக்டன்!”

பண்ணையில் அடிமரத்தைச் சுற்றி முள்ளிலைக் கிளைகள் குவிந்து கிடந்தன. லிண்ட்லி முகம் சிவந்து நின்றார்.

“என் ரம்பத்த ஊரே எடுத்துட்டுப் போகும். எழுதி ஜெயிக்கத் தெரியாதவனா நான்?”

“விடுங்க அண்ணி, பாவம். ஏதோ கோவத்துல பண்ணிட்டாரு” என்றாள் ஹெஸ்டர் டாசன். வினிஃப்ரெட்டின் இறந்துபோன கணவனுக்குத் தங்கை.

“உச்சிக் கிளைங்க எங்க?” என்று கேட்டார் ஆக்டன்.

பனியில் இழுத்துச் சென்ற தடம் இருந்தது. ஆஷ்வொர்த் அதன் பின்னால் ஓடினார். தடம் ஆட்டுப்பட்டியில் முடிந்தது. பட்டை உரிந்த குச்சிகளுக்கு நடுவே ஆடுகள் கடைசி இலைகளை மென்றுகொண்டிருந்தன. அந்த இலைகளில் முள் இல்லை.

“ஹாலிக்குக் கீழதான் முள்ளு” என்றார் ஆக்டன். “ ஆடு எட்டாத உயரத்துல இலை வழவழன்னு இருக்கும். பனிக்காலத் தீவனத்துக்குத்தான் இங்க தோப்பே வளர்த்தாங்க. உங்க புத்தகத்துல இது இருக்காம்மா?”

“இல்ல. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குன்னு எழுதியிருக்கேன்.”

ஹெஸ்டர் சிரித்துவிட்டாள்.

ஆக்டன் அவள் பக்கம் திரும்பினார். “வாத்தியாரா இருந்தா வெட்டிப் போட்டுட்டுப் போயிருப்பாரு. உச்சிய மட்டும் பிரிச்சு ஆட்டுக்குப் போட்டது இந்தப் பண்ணையில வளந்த கை.”

ஹெஸ்டர் ஆக்டனைப் பார்க்கவில்லை.

“அலங்காரமாம்! பொறப்புல வந்த பேர நான் கல்யாணம் பண்ணித் தொலைச்சேன். நீங்க கல்யாணம் பண்ணி வாங்கிக்கிட்டீங்க. இப்ப புத்தக அட்டையிலயும் போட்டுக்கிட்டீங்க. அந்த மரமும் உங்களுக்கா?”

“அப்புறம் ஆட்டுக்கு ஏன் போட்டீங்க?” என்றார் ஆஷ்வொர்த்.

“பசியில கத்துச்சுங்க.”

வினிஃப்ரெட் குனிந்து அடிமரத்தைத் தொட்டாள்.

“திரும்பத் துளிர்க்குமா?”

“துளிர்க்கும்” என்றாள் ஹெஸ்டர். “அதையும் என்கிட்டதான கேக்கறீங்க, அண்ணி.”