எட்டே கால் மணி டீசல்

திங்கட்கிழமை காலை 7.40. ஆற்றோர ஊரான ஓகோலோகிரியில் செல்போன் கோபுரத்தின் ஜெனரேட்டர் தொட்டி வறண்டு கிடந்தது.

கோபுரம் ஞாயிறு மதியமே செத்துவிட்டது. அன்று மாலை காவலாளி தும்லேயின் மனைவிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிப் படகைக் கூப்பிட ஊரில் ஒரு போனிலும் சிக்னல் இல்லை. குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தும்லேயைத்தான் டீசல் திருடன் என்று ஸ்டேஷனில் அடைத்திருந்தார்கள்!

இன்ஸ்பெக்டர் இபிஃபுரோ வறண்ட தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஊருக்கடியிலிருந்து எண்ணெய் கப்பல் கப்பலாகப் போகிறது. ஊருக்கு ஒரு மின்கம்பி வரவில்லை. கோபுரம்கூட டீசலில்தான் மூச்சு விட வேண்டும்.

கோபுரக் கம்பெனி மேனேஜர் அடெகோயா டீசல் ரசீதுத் தாளை நீட்டினார்.

“பாருங்க மேடம். சனிக்கிழமை காலை எட்டே கால். டேங்கர் வந்து தொட்டி நிறைய டீசல் ஊத்தியாச்சு. கீழ காவக்காரன் கையெழுத்து. நானே பக்கத்துல நின்னு, கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்.”

“இங்க வந்து எத்தனை நாளாச்சு?”

“மூணு வாரம். முன்னாடி லாகோஸ். இந்த ஊர்க்காரனுங்க அசந்தா தொட்டியையே தூக்கிடுவானுங்க.”

8.30. கோபுரத்துக்கு எதிர்ச்சாரியில் கடைக்காரி பெலேமா பயற்று வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் நெடுகச் சேற்றுக் குவியல்.

“என்னக்கா, இவ்ளோ சேறு?”

“சனிக்கிழமை சாக்கடையில வாரிப்போட்டது. அள்ள வர்றவன் என்னைக்கு ஒழுங்கா வந்தான்?”

“அன்னைக்குக் கடை எப்ப போட்டீங்க?”

“பத்துக்கு மேலதான். முன்னாடி போட்டா உங்க போலீஸ் ஆளுங்களே சட்டியைத் தூக்கிட்டுப் போவாங்க. தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு!”

9.10. லாக்கப்.

“கையெழுத்து உன்னோடதா?”

“என்னோடதுதாம்மா. மாசம் பொறந்ததும் வெத்துத் தாள்ல மொத்தமா வாங்கிக்குவாங்க. போடலைன்னா வேலை போயிடும். எல்லா டவர்லயும் அப்படித்தான்.”

தும்லே தலையைத் தூக்கவேயில்லை.

10.20. கோபுரத்தடியில் மேனேஜரையும் தும்லேயையும் நிறுத்தினாள் இபிஃபுரோ.

“மேனேஜர் சார், சனிக்கிழமை மாசக் கடைசி சனி. காலை ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் ஊரைச் சுத்தம் பண்ற நேரம். எந்த வண்டியும் ரோட்டுல ஓடக் கூடாது. முச்சந்தியில தடுப்புப் போட்டு நின்னது நான். உங்க டேங்கர் என் தலைக்கு மேல பறந்து வந்துச்சா?”

“லாகோஸ்ல அதை எப்பவோ நிறுத்திட்டாங்களே...” வாய் தவறி வந்துவிட்டது.

“அதான் விஷயம். நீங்க தங்கியிருக்கிற ஹோட்டல்ல உக்காந்து, அவன் கையெழுத்துப் போட்ட வெத்துத் தாள்ல ஒரு நேரத்தை இழுத்து விட்டீங்க.”

“நேரம் தப்பா விழுந்திருக்கும். பதினொண்ணு...”

“கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்னீங்களே! உங்க டேங்கர் டிரைவரை இப்பதான் ஸ்டேஷன்ல விசாரிச்சேன், எல்லாத்தையும் கக்கிட்டான்யா. டீசல் பாதி வழியிலேயே வித்தாச்சு. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவன் மேலயே பழியைப் போட உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?”

அடெகோயா தன் ஜீப் பக்கம் நழுவப் பார்த்தார். கான்ஸ்டபிள் விலங்கு மாட்டினார்.

“நீ வீட்டுக்குப் போ, தம்பி.”

தும்லே நகரவில்லை. “அம்மா, டவர் ஓடுமா? என் மாமியா அக்கரையில இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது.”

இபிஃபுரோ மேனேஜரின் ஜீப்பைப் பார்த்தாள்.

“அதுல இருக்கிற டீசலை உறிஞ்சி எடுங்கய்யா.”

“மேடம், அது கம்பெனி வண்டி!”

“டவரும் கம்பெனி டவர்தான்.”

10.50. ஜெனரேட்டர் இருமி எழுந்தது. சற்று நேரத்தில் போனில் சிக்னல் வந்தது. தும்லே எண்களை அழுத்தினான்.

மாமியார் எடுத்த எடுப்பில் கேட்டாள்: “ஆணா, பொண்ணா?”